வெண்ணெய் கப்பலுக்கு... கிழங்கு வீட்டுக்கு!

அயர்லாந்துக்காரங்க என்ன சாப்பிடுவாங்க? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 'உருளைக்கிழங்கு'ன்னு பட்டுனு சொல்லிடுவீங்க. ரைட்டு. ஆனா மக்களே, மேப்பை எடுத்து ஒரு நிமிஷம் பாருங்க. நாலு பக்கமும் கடல். கடல்ல மீன். நடுவுல எங்கே திரும்பினாலும் பச்சைப்பசேல்னு புல்லு. புல்லு இருந்தா மாடு. மாடு இருந்தா பால், வெண்ணெய், கறி. இவ்வளவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு ஜனமே மூணு வேளையும் கிழங்கைத் தின்னுக்கிட்டு இருந்துச்சுன்னா... எங்கேயோ இடிக்குதுல்ல?

அந்த இடிக்கிற மேட்டரைத் தேடித்தான் இந்த வாரம் கார்க் நகரம். டப்ளினில் ஏறினா ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். லீ என்கிற ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒண்ணு சேர, நடுவில் தீவாகக் கிடக்கிறது டவுன். நம்ம ஸ்ரீரங்கம் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். சைஸில் டப்ளினுக்கு அடுத்த இடம்தான். ஆனா கார்க் ஆசாமிகளைக் கேட்டா, 'நிஜமான தலைநகரம் இதுதான்'னு காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க. பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'பாய்' போடுவாங்க. பையன் என்று அர்த்தம். நம்ம 'மச்சி'க்கும் 'டா'வுக்கும் நடுவுல ஒரு இடம்!

டவுனுக்கு நட்டநடுவில் இருக்கு இங்கிலீஷ் மார்க்கெட். 1788ல் திறந்தது. அயர்லாந்தில் எதுக்குய்யா இங்கிலீஷ் மார்க்கெட்? பக்கத்திலேயே கார்ன்மார்க்கெட் தெருவில் 1843ல் ஏழை ஜனங்களுக்காக இன்னொரு மார்க்கெட் வந்தது. அதை ஐரிஷ் மார்க்கெட் என்றார்கள். காசுள்ளவங்க போற பழைய மார்க்கெட்டுக்கு 'இங்கிலீஷ்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பேரிலேயே கதை இருக்கு பாருங்க. 1980ல் ஒரு தீ விபத்து, சரிபண்ணித் திறந்தா 1986ல் இன்னொரு தீ. ரெண்டையும் தாங்கி நிற்கிறது. 2011ல் எலிசபெத் ராணி அயர்லாந்துக்கு வந்தபோது (சுதந்திர அயர்லாந்துக்கு ஒரு பிரிட்டிஷ் மன்னர் வந்தது அதுதான் முதல் தடவை) இங்கே மீன் கடையில் நின்று சிரித்த போட்டோ உலகம் முழுக்கப் போனது.

உள்ளே நுழைஞ்சா ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் சீஸ், ஆலிவ். அதையெல்லாம் தாண்டிப் போங்க. நமக்கு வேண்டியது குடல் கடை.

ஆமா, குடல்தான்! வெள்ளை வெளேர்னு கழுவி அடுக்கின மாட்டுக் குடல். அது பக்கத்திலேயே பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், சைக்கிள் டியூப் மாதிரி சுருண்டு கிடக்கிறது ட்ரிஷீன். மாட்டு ரத்தம், ஆட்டு ரத்தம் இரண்டையும் உப்புப் போட்டுச் சேர்த்து, குடலுக்குள் ஊற்றி வேகவைக்கிற ஐட்டம். அயர்லாந்து பூரா காலை டிபனுக்குக் கறுப்பு புட்டிங்னு ஒண்ணு கொடுப்பாங்க. அதுவும் ரத்தம்தான். ஆனா அதில் ஓட்ஸோ பார்லியோ கலந்து கெட்டியா இருக்கும். ட்ரிஷீனில் தானியமே கிடையாது. வெறும் ரத்தம். அதனால் வாயில் போட்டா ஜெல்லி மாதிரி வழுக்கும். கார்க்கை விட்டு வெளியே இதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். லிட்ரேச்சர் பசங்களுக்கு ஒரு துணுக்கு: ஜேம்ஸ் ஜாய்ஸின் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' நாவலில் ஸ்டீபனின் அப்பா கார்க் வந்ததும் காலையில் ஆர்டர் பண்ணுவது இந்த ட்ரிஷீனைத்தான்.

மார்க்கெட் மாடியில் ஃபார்ம்கேட் கஃபே. 1994ல் இருந்து இருக்கு. கீழே கடைகளில் விக்கிறதைத்தான் மேலே சமைக்கிறாங்க. குடலும் ட்ரிஷீனும் ஒரு பிளேட் சொன்னேன். வெங்காயத்தோட பாலில் மெதுவா வேகவைத்த குடல், மேலே வட்டவட்டமா ட்ரிஷீன். மிளகாய் இல்லை, மசாலா இல்லை. மதுரைப் பக்கம் குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு, 'ஏம்ப்பா... தாளிக்க மறந்துட்டீங்களா?'ன்னு கேட்கத் தோணும். ரெண்டாவது வாயில்தான் பாலின் லேசான இனிப்பு புரியும். நாலாவது வாயில் பிளேட் காலி. பக்கத்து டேபிள் தாத்தா எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுல இது சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு. எங்க பசங்க யாரும் தொடமாட்டாங்க பாய்"ன்னு சிரிச்சார்.

சரி, நல்ல கறி இருக்கிற ஊரில் ஏன் குடலும் ரத்தமும் ஊரின் பெருமையாச்சு? அங்கேதான் நம்ம கேள்விக்கு விடை.

18ம் நூற்றாண்டில் கார்க், கப்பல்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற ஊர். இலையுதிர் காலம் பிறந்ததும் மாடுகள் ஊருக்குள் வரும். வெட்டி, கறியை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைப்பார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு பங்கு, கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒரு பங்கு. கறி எல்லாம் கப்பல் ஏறிப் போச்சு. கப்பல் ஏறாதது என்ன? குடல், ரத்தம், சிறுநீரகம், பன்றிக்கால். கறிக் கிடங்கில் நாள் பூரா உழைச்சவனுக்கு அதுதான் கிடைச்சது. இன்னிக்கு 'கார்க்கின் பாரம்பரிய உணவு'ன்னு டூரிஸ்ட் புத்தகத்தில் போடுற குடல், ட்ரிஷீன், க்ரூபீன் (பன்றிக்கால், நம்ம ஆட்டுக்கால் மாதிரி) எல்லாம் கப்பல் விட்டுவிட்டுப் போன மிச்சம். பாரம்பரிய உணவுன்னா பாட்டி ஆசை ஆசையா ஆக்கிப் போட்டதுன்னு ஒரு ரொமான்டிக் பில்டப் கொடுக்கிறோமே, இந்த ஊரில் அது எடுபடாது. இங்கே ரெசிபியை எழுதினது ஏற்றுமதிக் கணக்குப்பிள்ளை!

அந்த வியாபாரத்தின் இன்னொரு வாரிசு, ஸ்பைஸ்டு பீஃப். கிராம்பு, மிளகு, பட்டைன்னு நம்ம அஞ்சறைப் பெட்டியையே கொட்டி, உப்போட வாரக்கணக்கில் ஊறவைத்த மாட்டுக்கறி. கப்பலில் வந்து இறங்கிய மசாலாவும், கப்பலுக்குப் போற உப்புக்கறியும் சந்திச்ச இடம். கிறிஸ்துமஸ் வந்தா கார்க் வீடுகளில் இது இல்லாம கதையே நடக்காது.

அடுத்து வெண்ணெய். ஆற்றுக்கு வடக்கே மேடேறினால் ஷாண்டன். அங்கே செயின்ட் ஆன் சர்ச் கோபுரத்தில் நாலு பக்கமும் கடிகாரம், நாலும் நாலு டைம் காட்டும் என்பதால் 'நாலு மூஞ்சிப் பொய்யன்' என்று செல்லப் பேர். (காலேஜுக்கு லேட்டாப் போறவங்க இதைத்தான் பார்த்து வாட்ச்சை செட் பண்ணணும்.) அதன் பக்கத்தில் இருந்தது கார்க் வெண்ணெய்ச் சந்தை. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை இதுதான். கெர்ரி மலைப் பக்கம் இருந்தெல்லாம் வெண்ணெய் வர்றதுக்குன்னே ரோடு போட்டார்கள். 'வெண்ணெய் ரோடு' என்றே பெயர். வந்த பீப்பாயைத் துளைத்து, உள்ளிருந்து எடுத்து ருசி பார்த்து, தரம் பிரித்து முத்திரை குத்தி அனுப்புவார்கள். வெயில் தேசத்துக்குப் போற பீப்பாய்க்கு உப்பு அதிகம். 1924ல் சந்தை மூடியாச்சு. இப்போ அங்கே வெண்ணெய் மியூசியம். சேற்று நிலத்தில் புதைந்து கிடந்த, ஆயிரம் வருஷத்துப் பழைய வெண்ணெய்ப் பீப்பாய் ஒண்ணு இருக்கு. கட்டாயம் பாருங்க.

இவ்வளவு வெண்ணெய் எடுத்த குடியானவன் அதை நக்கிக்கூடப் பார்க்க முடியாது. வித்தாத்தான் நிலக் குத்தகை கட்ட முடியும். வீட்டில் வளர்த்த பன்றிக்குக்கூட 'வாடகை கட்டும் ஜென்டில்மேன்'னு பட்டப்பேர்! வெண்ணெய் சந்தைக்கு, பன்றி வாடகைக்கு, கோதுமை விற்பனைக்கு. வீட்டுக்கு மிஞ்சினது கடைஞ்சு எடுத்த மோரும், வாசல் துண்டு நிலத்தில் விளைஞ்ச உருளைக்கிழங்கும். துளியூண்டு இடத்தில் ஒரு குடும்பத்துக்கே பசி அடக்கிற பயிர் அது ஒண்ணுதான். வேலை செய்யுற ஆள் ஒரு நாளைக்கு அஞ்சு கிலோவுக்கும் மேல் சாப்பிட்டான். அதிர்ச்சி ஆகாதீங்க, வேற எதுவுமே கிடையாது. சுமார் 30 லட்சம் பேர் முழுக்க முழுக்கக் கிழங்கை நம்பி இருந்தார்கள். அதிலும் பெரும்பாலும் 'லம்ப்பர்' என்கிற ஒரே ரகம்.

1845ல் கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. 1846ல் விளைச்சல் மொத்தமும் போச்சு. 1847க்கு 'கறுப்பு 47' என்றே பெயர். சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல் கப்பல் ஏறினார்கள். 1841ல் தீவின் ஜனத்தொகை 82 லட்சம். இன்னிக்கு வரைக்கும் அந்த எண்ணிக்கையைத் தீவு திரும்ப எட்டவில்லை. இதில் வயிறு எரியுற விஷயம், அந்த வருஷங்களிலும் கார்க்கில் இருந்து வெண்ணெய் போய்க்கிட்டேதான் இருந்தது. நம்ம பக்கம் 1876-78ல் தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்க செத்து விழுந்தப்பவும் தானியம் கப்பல் ஏறிச்சு இல்லையா? அங்கேயும் இங்கேயும் ஆண்டது ஒரே லண்டன்தான்.

இன்ஜினீயரிங் மக்களுக்கு ஒரு தகவல்: இதே நேரத்தில்தான் கார்க்கில் ஒரு காலேஜும் எழும்பியது. 1845ல் தொடங்கி 1849ல் பாடம் ஆரம்பிச்ச அந்தக் காலேஜின் முதல் கணக்கு புரொஃபசர் ஜார்ஜ் பூல். ஆமா, நம்மைப் பாடாய்ப் படுத்துற 'பூலியன் அல்ஜிப்ரா' பூல்! இன்னிக்கு அது யுனிவர்சிட்டி காலேஜ் கார்க்.

கப்பல் ஏறினவங்களில் பல பேர் கார்க் துறைமுகத்தின் கோவ் ஊரில் இருந்து கிளம்பினார்கள். 1912ல் டைட்டானிக் கடைசியா நின்ற ஊரும் அதுதான். நியூயார்க் போய்ச் சேர்ந்த ஐரிஷ்காரன் ஊரில் தின்ன பன்றிக்கறி-முட்டைக்கோஸைத் தேடினான். அங்கே யூதர் கறிக்கடையில் கார்ன்டு பீஃப்தான் மலிவு. 'கார்ன்'னா இங்கே சோளம் இல்லை, உப்புக்கல். தலைமுறை தலைமுறையா ஊரில் பீப்பாய் கட்டி அனுப்பிட்டு வாயில் வைக்காத உப்புக்கறியை, அமெரிக்காவில்தான் முதல்முதலா வயிறாரச் சாப்பிட்டான். இன்னிக்கும் செயின்ட் பேட்ரிக் தினத்துக்குக் கார்ன்டு பீஃப் வெட்டுறது அமெரிக்கப் பழக்கம். கார்க்கில் கேட்டா ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க.

நேரம் இருந்தா லோக்கல் ரயில் பிடிச்சு அரை மணி நேரத்துக்குள் மிடில்டன் போயிட்டு வாங்க. ஒரு பூங்காவில் ஒன்பது பெரிய கழுகு இறகுகள், ஸ்டீலில் செய்து வட்டமாக நட்டிருக்காங்க. காலிக் கிண்ணம் மாதிரி தெரியும். பஞ்சத்துக்குக் கல்கத்தாவில்கூட நிதி திரட்டினாங்க. ஆனா மறக்க முடியாத காசு, அமெரிக்கச் செவ்விந்தியரான சாக்டா மக்கள் 1847ல் அனுப்பியது. தங்கள் மண்ணில் இருந்து விரட்டப்பட்டு, வழியெல்லாம் சாகக் கொடுத்த ஜனம். அது நடந்து இருபது வருஷம்கூட ஆகலை. முகம் தெரியாத ஒரு தேசத்துக்கு 170 டாலர் அனுப்பினாங்க. 2020ல் கொரோனா வந்து நவஹோ, ஹோப்பி பழங்குடிகள் தவிச்சப்போ, அந்த 170 டாலரை ஞாபகம் வெச்சு அயர்லாந்தில் இருந்து ஆயிரக்கணக்கான பேர் பணம் அனுப்பினாங்க.

மிடில்டன் பக்கத்துல ஷனகேரி என்ற கிராமத்தில் 1964ல் மர்ட்டில் ஆலன் என்கிற அம்மா தன் பண்ணை வீட்டிலேயே சாப்பாட்டுக் கடை திறந்தார். பாலிமலூ ஹவுஸ். ஹோட்டல்னா ஃபிரெஞ்சுச் சமையல்தான்னு அயர்லாந்தே நினைச்சுக்கிட்டிருந்த காலம். ஊர் சாப்பாடுன்னா பஞ்ச ஞாபகம், கொஞ்சம் வெட்கம். இவர் என்ன பண்ணினார்? பக்கத்துப் பண்ணைக் கறி, பக்கத்துக் கடல் மீன், தோட்டத்துக் கீரை, சொந்த வெண்ணெய். அன்னன்னிக்கு என்ன வந்ததோ அதுதான் மெனு. கடைசியா, வெண்ணெய் வீட்டுலேயே தங்கிச்சு! 2018ல் மறைந்தார். கடை இன்னும் நடக்கிறது. பட்ஜெட் மட்டும் நம்ம ரேஞ்சுக்கு இல்லை, ஸாரி.

சைவமா? கவலை வேண்டாம். கால்கேனன் கேளுங்க. மசித்த கிழங்கில் முட்டைக்கோஸ் ஜாதிக் கீரை, நடுவில் பள்ளம் தோண்டி உருகும் வெண்ணெய். சோடா பிரெட் கேளுங்க. ஈஸ்ட் இல்லாம, சமையல் சோடாவும் மோரும் சேர்த்துச் சுட்டது. மேலே சிலுவை மாதிரி கீறி இருப்பாங்க. சூடா இருக்கிறப்பவே பிச்சு, வெண்ணெயைத் தாராளமாப் பூசுங்க. கூட ஒரு டீ. 1901ல் இதே கார்க்கில் ஆரம்பிச்ச பாரீஸ் கம்பெனி டீ. திக்கா, பாலோட, நம்ம ஊர் ஆளுக்குப் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

மார்க்கெட் ஞாயிற்றுக்கிழமை லீவு. குடல் கடைக்குக் காலையிலேயே போயிடுங்க. மாடி கஃபேயில் மதியம் இடம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. ட்ரிஷீன் வாங்குறப்போ கடைக்காரர் 'சமைக்கத் தெரியுமா பாய்?'ன்னு கேட்பார். தெரியாதுன்னு சொல்லுங்க. பாலை எவ்வளவு ஊத்தணும், எவ்வளவு நேரம் வைக்கணும்னு அவரே சொல்வார்.