தண்டவாளத்துக்கு விலை கிடைத்தது, தமிழனுக்கு?



மலாக்கா நகரத்துக்கு இன்று ஏன் இரயில் இல்லை என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இரயில் ஓடியது. ஜப்பான்காரன் வந்தான், தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனான். அந்தப் பாதை திரும்பப் போடப்படவே இல்லை. பகாங், கிளந்தான் பக்கம் கிழக்குக் கரைப் பாதையிலும் நீண்ட தூரத்துக்குத் தண்டவாளத்தைப் பிடுங்கினான். எல்லாம் எதற்கு? சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்கு. நம் தாத்தா பாட்டிமார் சயாம் மரண இரயில் என்று சொல்லிச் சொல்லி அழுதார்களே, அதே பாதைக்குத்தான்.

இரும்பு மட்டுமா போனது? நம் தோட்டங்களிலிருந்து ஆட்களும் போனார்கள். பெரட்டில் நின்றவர்களைப் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்கும் மேல், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் பதிவுகளே ஒத்துப்போவதில்லை. ஏறக்குறைய 30,000 என்று ஒரு கணக்கு, 40,000 என்று இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் பத்தாயிரம் உயிர்! பத்தாயிரம் தண்டவாளத் துண்டு காணாமல் போயிருந்தால் எந்த அரசாங்கமாவது இப்படி விட்டிருக்குமா?

விடவில்லை என்பதுதான் வரலாறு. போர் முடிந்ததும் அந்தப் பாதையின் சயாம் பகுதியைப் பிரிட்டிஷ்காரர்கள் தாய்லாந்து அரசாங்கத்துக்கு விற்றார்கள். 1946-47இல் பேசி முடித்த விலை 12 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. ஜப்பான் பக்கத்து நாடுகளிலிருந்து திருடிக்கொண்டுபோன இரயில் தளவாடங்களுக்கு ஈடு கட்ட அந்தப் பணம் பயன்பட்டது. போரில் களவு போன சொத்துக்கு அரசுகள் கூடிப் பேசி விலை வாங்கியதற்கு இது நல்ல உதாரணம். மலாயாவுக்குள்ளும் போர்ச்சேத இழப்பீட்டுக்கு ஆணையம் அமைத்தார்கள். கட்டடத்துக்கு, சுரங்கத்துக்கு, தோட்டத்துக்கு எல்லாம் மனுப் போட வழி இருந்தது.

தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவனின் கூலி என்ன ஆனது? அவனுக்குக் கொடுத்த கூலி ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு. வாழைமரம் போட்ட அந்த நோட்டு 1945இல் ஒரே நாளில் வெற்றுக் காகிதமானது. உழைப்பைத் திருடியதும் திருட்டுத்தான். சட்டம் படித்தவனாகச் சொல்கிறேன், கொடுக்காத கூலி கொடுக்கப்பட வேண்டியவனின் சொத்து. அவன் செத்தால் அது அவன் பிள்ளைகளின் சொத்து.

அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 14ஆம் விதியில் நேச நாடுகள் தங்களுடைய, தங்கள் குடிமக்களுடைய கோரிக்கைகளை விட்டுக்கொடுத்தன. நாம் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தோம். நமக்காகக் கையெழுத்துப் போட்டது லண்டன். ஆனால் 16ஆம் விதியில் ஒரு வழி வைத்தார்கள். வெளிநாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்தை விற்று, போர்க்கைதிகளாக இருந்த படைவீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். அப்படிப் பிரிட்டிஷ் கைதிக்குத் தலைக்கு 76 பவுண்டுச் சொச்சம் கிடைத்தது. அற்பத் தொகைதான், அவர்களே பல ஆண்டுகள் போராடினார்கள். 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் தன் சொந்தப் பணத்திலிருந்து ஆளுக்குப் 10,000 பவுண்டு கொடுத்தது. காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளி படைவீரனும் இல்லை, கைதியும் இல்லை. 'கூலி' என்று எழுதினார்கள், எழுதிய இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

சரி, நாடு சுதந்திரம் பெற்ற பிறகாவது? 1962இல் சிங்கப்பூரில் போர்க்காலப் புதைகுழிகள் தோண்டப்பட்டபோது சீனச் சமூகம் கொதித்து எழுந்தது. இரத்தக் கடனைத் திருப்பிக் கொடு என்று வர்த்தகச் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் ஜப்பான் பேச்சுவார்த்தைக்கே வந்திருக்காது. முடிவில் 1967 செப்டம்பரில் சிங்கப்பூருக்கு 5 கோடி வெள்ளி, பாதி நன்கொடை, பாதி கடன். மலேசியாவுக்கு 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி. அதுவும் ரொக்கமாக அல்ல, சரக்குக் கப்பல்களாக வந்தது. அதற்குப் பதிலாகப் போர்க்கால விவகாரங்கள் எல்லாம் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தன என்று நம் அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

யாருடைய விவகாரம் தீர்ந்தது? செத்த தமிழனின் பிள்ளைக்கு அந்தக் கப்பலில் ஓர் ஆணியாவது சொந்தமா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எத்தனையோ பில்லியன் யென் வந்தது, யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று காப்பிக் கடையில் பேசுகிறார்கள். காதில் விழும் தொகையை வைத்துக்கொண்டு மகஜர் எழுதாதீர்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கும் தொகை மேலே சொன்ன 2 கோடியே 50 இலட்சம். நம் வழக்குக்கு அந்த ஒரு தாளே போதும், வதந்தி தேவையில்லை.

ஜப்பானிய நீதிமன்றத்துக்குப் போனால் என்ன என்று கேட்பீர்கள். அந்தக் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 2007இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் சீனத் தொழிலாளர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி செய்தபோதே, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் கிடைக்க முயற்சி எடுக்கும்படி சம்பந்தப்பட்டவர்களிடம் எதிர்பார்ப்பதாகவும் சொன்னது. அதன் பிறகு 2009இல் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்து பணம் கொடுத்தது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் பேச்சுவார்த்தையில் வாங்கினார்கள். நம் கதையில் வேலை வாங்கியது ஜப்பானிய இராணுவம், தனி நிறுவனம் அல்ல. ஆகவே நமக்கு இருப்பது அரசாங்கத்தோடு அரசாங்கம் பேசும் வழிதான்.

அந்த வழியில் என்ன சாதிக்கலாம் என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். 1965இல் அந்த அரசாங்கமும் நம் அரசாங்கத்தைப் போலவே எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டது. 30 கோடி டாலர் நன்கொடையும் 20 கோடி டாலர் கடனும் வாங்கி நாட்டு வளர்ச்சிக்குச் செலவு செய்தது. எழுபதுகளில் செத்தவர்களின் குடும்பங்களில் சுமார் 8,500 பேருக்கு மட்டும் சிறு தொகை கொடுத்து வாயை அடைத்தது. குடும்பங்கள் விடவில்லை. தங்கள் சொந்த அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2005இல் பேச்சுவார்த்தைக் கோப்புகள் வெளியே வந்தன. எங்கள் மக்கள் பெயரைச் சொல்லித்தானே இந்தப் பணத்தை வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு அரசாங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை. 2007இல் சட்டம் போட்டு, இறந்தவர் குடும்பத்துக்கு 2 கோடி வொன் கொடுக்க முன்வந்தது.

குவைத்தும் இருக்கிறது. 1990இல் ஈராக் புகுந்தபோது அங்கே வேலை செய்த இந்திய, இலங்கைத் தொழிலாளர்களும் வீட்டு வேலைக்குப் போன பெண்களும் போட்ட துணியோடு ஓடினார்கள். ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அமைத்தது, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் பங்கு பிடித்தது. பெரிய நிறுவனங்களுக்கு முன்னால் தனி மனிதர்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது. ஊரை விட்டு ஓடியதற்கு எளிய ஆதாரம் காட்டினால் போதும், தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு கோரிக்கை எதுவும் இல்லையென்று எழுதிக் கொடுத்தால் 4,000, 8,000. தொழிலாளி ஜெனிவாவுக்குப் போகவில்லை. அவரவர் நாட்டு அரசாங்கம் பாரத்தைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. 2022இல் முடிந்தபோது அந்த ஆணையம் கொடுத்த மொத்தம் 5,240 கோடி டாலர்.

ஏழைக்குப் பணம் போகாது என்பது விதியல்ல. ஏழையின் பாரத்தை ஓர் அரசாங்கம் சுமந்தால் போகிறது.

ஆகவே நாம் முதலில் தட்ட வேண்டிய கதவு தோக்கியோவில் இல்லை, புத்ராஜெயாவில் இருக்கிறது. 1967 ஒப்பந்தத்துக்கு முன் நடந்த பேச்சுவார்த்தைக் கோப்புகளை வெளியுறவு அமைச்சு திறக்க வேண்டும். சயாமுக்குப் போன தொழிலாளியின் பெயரை அந்த மேசையில் யாராவது சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் அவர்கள் பங்கு எங்கே? சொல்லவில்லை என்றால் பேசாத ஒரு கோரிக்கை எப்படித் தீர்ந்தது? அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தைக் காட்டி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கோப்பைப் பூட்டி வைக்க என்ன அவசியம்? தேர்தல் நேரத்தில் தோரணம் கட்டிய மண்டபத்துக்கு வரும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேளுங்கள். மக்களவையில் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள்.

கோப்பு திறந்தாலும் கேட்பது யார் என்று காட்டப் பெயர்ப் பட்டியல் வேண்டும். அங்கே போய்த் திரும்பியவர்களில் அநேகமாக யாரும் இன்று இல்லை. அன்று பத்து வயதுப் பிள்ளையாக அப்பாவை லாரியில் ஏற்றியதைப் பார்த்தவருக்கே இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார வைத்துக் கைத்தொலைபேசியில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். போனவர் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த மாவட்டம், எந்த ஆண்டு, கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்து சேதி சொன்னவர் யார். தோட்டத்துப் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் எழுதுங்கள். எழுதியதைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டு இரண்டு படி எடுத்து வையுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். தகரப் பெட்டியில் வாழைமர நோட்டு கிடந்தால் பழைய சாமான்காரனுக்கு விற்றுவிடாதீர்கள், அதையும் அந்தத் தாளோடு வையுங்கள்.