மூளைக்கு முன் குருதி
‘மேட் கவ்’ நோய் இங்கில்லை, பிரியான் ஆய்வு வீண்செலவு என்போர், 2010-இல் உலகக் கால்நடை நல அமைப்பு இந்தியாவுக்கு அளித்த ‘புறக்கணிக்கத்தக்க ஆபத்து’ச் சான்றைக் கேடயமாக்குகின்றனர். அச்சான்று மாடுகளுக்கே உரியது. இமயமலை அடிவாரச் செம்மறிகளில் ஸ்கிரேப்பி என்னும் பிரியான் நோய் 1961-இலேயே பதிவாகியிருப்பதை அவர்கள் பேசுவதில்லை.

இறந்த விலங்கின் மூளையை ஆராய்ந்தே இந்நோய் பெரும்பாலும் உறுதிசெய்யப்படுகிறது; காலம் கடந்த அறிவு அது. நோயுற்ற எலியின் மண்ணீரலிலும், மாட்டின் எலும்பு மஜ்ஜையிலும், செம்மறியின் குருதியிலும் சிவப்பணு சார்ந்த ஒரு மரபணுவின் செயல் தாழ்வதை எடின்பரோ ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினர். (அதை மட்டும் கொண்டு நோயை அறுதியிட இயலாதுதான்.)

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் விலங்கு நோய் நிறுவனமும், நகரில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் உள்ளன. நலமான ஆடுகளின் குருதியில் அம்மரபணுவின் இயல்பளவைப் பதிந்துவைக்க, இவை நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.