ரேஷன் எண்ணெய் என்றால் மட்டமா?

'ரேஷன் பாமாயிலா? ஐயையோ... அது மாரடைப்பைக் காசு கொடுத்து வாங்குற மாதிரியாச்சே!' என்று முகம் சுளிக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்க ஆசை. பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கித் தருகிறீர்களே க்ரீம் பிஸ்கெட், சிப்ஸ்... அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்ததுண்டா? பலவற்றில் அதே பாமாயில்தான்! லிட்டர் 25 ரூபாய்க்கு ரேஷனில் கிடைத்தால் விஷம், பளபள காகிதத்தில் வந்தால் அமிர்தமா?

பாமாயிலில் சுமார் 40 சதவீதம் 'பால்மிட்டிக் அமிலம்' என்ற நிறைவுற்ற கொழுப்பு. அளவு மீறினால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும் என்பது உண்மையே. அதற்காக அதைப் பகையாளியாகவே பார்க்க வேண்டுமா? தாய்ப்பால் கொழுப்பில் ஏறக்குறைய கால் பங்கு இதுதான். நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சிலும் இது இருக்கிறது. அந்தப் பூச்சு போதாமல்தான் குறைமாதக் குழந்தைகள் பல மூச்சுத் திணறுகின்றன.

இன்னொரு சங்கதி. தேவைக்கு மேல் நாம் சாப்பிடும் சோறு, சர்க்கரையிலிருந்தும் நம் கல்லீரலே இந்தக் கொழுப்பைத் தயாரித்துவிடும். 'நான்தான் எண்ணெயை மாத்திட்டேனே!' என்று சொல்லிக்கொண்டே நாலு வேளை சர்க்கரை தூக்கலாகக் காபி குடித்தால் என்ன பிரயோஜனம்?

நிறைவுற்ற கொழுப்பு, ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்குச் சுமார் 22 கிராம். மூன்று டீஸ்பூன் பாமாயிலிலேயே 6 கிராம் வந்துவிடும். நெய், தேங்காய், பால், பிஸ்கெட் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

ரேஷன் எண்ணெயை நம்பியே அடுப்பு எரியும் வீடுகள் எத்தனையோ. அந்தப் பெண்களைப் பயமுறுத்தாதீர்கள். 'அளந்து ஊத்துங்க, வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க, முடிந்த மாதம் கொஞ்சம் கடலெண்ணெயும் வாங்கி மாத்தி மாத்தி சமைங்க' என்று சொன்னால் அவர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

முதலில் நம் வீட்டு பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்போம். அப்புறம் பேசலாம், யார் வீட்டு எண்ணெய் மட்டம் என்று!

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.