பழைய கணினியும் ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் வலையும்



ஸ்ரீவில்லிபுத்தூரில் வசிக்கும் என் மச்சான், ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதுபவர். அவர் வீட்டில் பத்தாண்டுகளாக ஒரு கணினி உழைத்து வருகிறது. கல்லூரியில் பயிலும் மகளுக்கு அதுவே துணை. அது மிகவும் மெதுவாகிவிட்டதென்று கடைக்குக் கொண்டுபோனார். “இதன் காலம் முடிந்துவிட்டது, புதியது வாங்குங்கள், வட்டியே இல்லாத் தவணை இருக்கிறது” என்று கடையில் கூறிவிட்டனர். அவர் என்னிடம் யோசனை கேட்டார். நம் வீடுகள் பலவற்றில் இன்று இதே பேச்சு நடப்பதால், அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

‘காலம் முடிந்தது’ என்பதற்கு என்ன பொருள்? 2015இல் வெளியான விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11ஓ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் எனில் எட்டாம் தலைமுறை முதலான செயலியையும் கேட்கிறது. எனவே 2017க்கு முன் வாங்கிய கணினிகள் தகுதியற்றவையாகின்றன. அவற்றின் திரை பழுதில்லை, விசைப்பலகை பழுதில்லை. விற்றவர் விதித்த கெடுதான் முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்று அதே நிறுவனம் அறிவித்ததை என் மச்சானுக்கு எவரும் சொல்லவில்லை.

திருத்தம் கிடைக்காத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து என்பதை மறுக்கவில்லை. ஆனால் மருந்து அதற்கும் உண்டு. நூற்பாலையில் ஒரு கதிர் தேய்ந்தால் இயந்திரத்தையே பழைய இரும்புக்குப் போடுவார்களா? பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, ராம் நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினால், செலவு சில ஆயிரங்களில் முடியும்; வேகமோ கண்கூடாகக் கூடும். பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். இந்தியாவின் சி-டாக் நிறுவனமே பாஸ் லினக்ஸை உருவாக்கி வழங்குகிறது. இணையம், கடிதம், பாடக்குறிப்பு, காணொளி வகுப்பு ஆகியவற்றிற்கு இவை போதும். உரிமம் இல்லாத திருட்டுப் பிரதியை நிறுவிக்கொண்டு, ஹலால் ஹராம் பேசும் இரட்டை வாழ்க்கையும் ஒழியும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கடந்து சென்றபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று வினவினார்கள். அது செத்ததாயிற்றே என்று தோழர்கள் கூற, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ள செய்தி இது. செத்த ஆட்டிலேயே பயனைத் தேடச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பை என்கிறோம்!

இனி அந்தத் தவணையைப் பாருங்கள். பொருளின் விலையில் வட்டிக்கு ஈடான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டியை வங்கி மாதந்தோறும் வசூலிப்பதே ‘வட்டியில்லாத் தவணை’யின் வழக்கமான கணக்கு. கடன் அட்டைத் தவணை எனில் வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும், பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் சேரும். சுழிய வட்டி என்பதே இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. ரிசர்வ் வங்கிக்குத் தெரிந்த உண்மை நமக்குத் தெரியாதா? தவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் ஒரே விலையை உறுதியாகப் பேசி, அதைச் சில மாதங்களில் தாமே பெற்றுக்கொண்டால் அது வியாபாரம். வட்டி என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால், கையெழுத்திடுமுன் அதை ஓர் ஆலிமிடம் காட்டுங்கள்.

“பிள்ளையின் படிப்பில் கஞ்சத்தனமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வீண்விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையையே திருக்குர்ஆன் 25:67 போற்றுகிறது. டேலி எழுதிப் பிழைப்பவருக்கு விண்டோஸ் தேவை. கட்டட வரைபடம் பயிலும் மாணவருக்கு வலுவான கணினி தேவை. மதர்போர்டே எரிந்துபோனால் அதற்குச் செலவழிப்பது வீண். இத்தகையோர் வாங்கட்டும், இரண்டாம் கைக் கணினி கிடைத்தால் அதையும் பார்க்கட்டும். பக்கத்து வீட்டில் புதியது வந்துவிட்டது என்பது தேவையாகாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு கேள்வி. வலீமா விருந்தின் சிறப்பைப் பேச நமக்கு நேரமிருக்கிறது. மஹல்லாவின் மாணவிக்குக் கணினி வாங்க, வட்டியில்லா அழகிய கடன் தர ஒரு சிறு நிதியேனும் நம்மிடம் இருக்கிறதா? அது இல்லாத இடத்தில்தான் வங்கியின் அட்டை நுழைகிறது. வட்டியை மிம்பரில் கண்டித்தால் மட்டும் போதாது. மாற்று வழியைத் திறப்பதும் நம் கடமை.

என் மச்சான் கணினியைத் திரும்ப எடுத்து வந்தார். எஸ்எஸ்டி பொருத்தியாயிற்று, மகள் அதில்தான் படிக்கிறாள். புதியதற்கென மாதம் ஒரு தொகையைத் தனியே சேர்த்தும் வருகிறார். தேவை வரும் நாளில் கடனின்றி வாங்குவார், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக!