மார்லியின் முகமும் மறைக்கப்பட்ட பாடல்களும்

பாப் மார்லியின் முகம் அச்சிட்ட பனியன்கள் திருப்பதிக் கடைகளிலும் விற்கப்படுகின்றன. அதை வாங்கும் இளைஞனுக்கு அம்முகம் கஞ்சாவையும் கவலையின்மையையும் குறிக்கிறது. 'ஏகாதிபத்தியப் போதைக் கலாச்சாரம்' என்று அதை ஒதுக்கும் தோழர்கள் சிலரும், வியாபாரி ஒட்டிய முத்திரையைத்தான் நம்புகிறார்கள்.

1973இல் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட 'கேட்ச் எ ஃபயர்' இசைத்தட்டைக் கேட்டவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் ஆகியோரின் வெய்லர்ஸ் குழு ஜமைக்காவில் பதிவு செய்தது அது. அடிமைக் கப்பலின் சவுக்கையும் இன்றைய வறுமையின் சங்கிலியையும் ஒரே வரலாறாகக் காணும் 'ஸ்லேவ் டிரைவர்' அதில் உள்ளது. நானூறு ஆண்டு அடிமைத்தனத்தைப் பேசும் டாஷின் பாடலும் உள்ளது. நிறுவன அதிபர் கிறிஸ் பிளாக்வெல் அந்த ஒலிநாடாக்களில் லண்டனில் வைத்து, ராக் ரசிகர்களின் காதுக்கேற்ப வெய்ன் பெர்கின்ஸின் கிட்டாரைச் சேர்த்தார். ஜமைக்காவின் மூல வடிவம் 2001இல்தான் வெளிவந்தது.

அந்தக் கிட்டார் ரெகேயின் தூய்மையைக் கெடுத்ததா என்பதே மேலை விமர்சகர்களின் தீராத விவாதம். ஒலியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவோர், பாடலே காணாமற்போனபோது எங்கிருந்தார்கள்? மார்லி 1981இல் மறைந்தார். 1984இல் வந்த 'லெஜண்ட்' தொகுப்பு இரண்டரைக் கோடிக்கும் மேல் விற்றது. 'கேட்ச் எ ஃபயர்' தட்டிலிருந்து அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஒரே ஒரு பாடல்: 'ஸ்டிர் இட் அப்' என்னும் காதல் பாட்டு! 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' அத்தொகுப்பில் உண்டே எனலாம். உண்டுதான், ஆனால் சவுக்கைப் பிடித்தவன் யார் என்று சுட்டும் பாடல் இல்லை.

சித்தூர் மாவட்டத்திற்கு இந்தத் தந்திரம் புதிதன்று. அது சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1943இல் தோன்றிய பிரஜா நாட்டிய மண்டலி புர்ரகதையை உழவர் போராட்டத்தின் குரலாக்கியது. அரசு அதைத் தடை செய்தது. பின்னாளில் அதே கலை குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்கு அமர்த்தப்பட்டது. அக்கலையின் தலைமகன் ஷேக் நாசருக்கு 1986இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தகுதியான விருதுதான். எனினும், அவரைப் புகழ்ந்த அரசு ஏடுகள் அவர் எந்தக் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடினார் என்பதையும் விரிவாக எழுதியிருக்கலாம்.

திருப்பதியிலோ இது பக்தியின் பெயரால் நடக்கிறது. திருமலைக் கோயில் அறையில் செப்பேடுகளாக முடங்கிக் கிடந்த அன்னமய்யாவின் கீர்த்தனைகளைப் பரப்பத் தேவஸ்தானம் 1978இல் தனித் திட்டமே தொடங்கியது. 'பிரம்மமொக்கடே' இன்று கச்சேரி மேடைகளில் முழங்குகிறது. பிராமணனும் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டவரும் நிற்கும் மண் ஒன்றே என்பது அப்பாடலின் கூற்று. அதன் இனிமையை மெச்சும் விமர்சகர்களில் எத்தனை பேர் அந்த மண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள்?

ஒப்படைப்பு நிலங்களைக் கைமாற்றக் கூடாதென்று 1977ஆம் ஆண்டின் ஆந்திரச் சட்டம் சொன்னது. ஆயினும் தலித் குடும்பங்களின் டி.கே.டி. பட்டா நிலங்கள் மனை வணிகர்களிடம் போய்ச் சேர்கின்றன. அவற்றை மீட்கக் கோரும் மனுக்களோடு தாசில்தார் அலுவலக வாசலில் டப்பு அதிர அந்தக் கீர்த்தனையையும், கூடவே 'ஸ்லேவ் டிரைவர்' பாடலின் தமிழ், தெலுங்கு வடிவங்களையும் பாட வேண்டியவர்கள் கட்சியின் கலைக்குழுவினர்.