மனநல வார்டை ஒதுக்காதீர்கள்

அன்புள்ள குமரி மாவட்டத்து உறவுகளுக்கும், நர்சிங் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் நர்சிங் முடிக்கும் பிள்ளைகள் ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் என்று தேடிப் போகிறார்கள். மனநலப் பிரிவை மட்டும் வேறு வழியில்லாதவர்களின் இடமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலை' என்றால் வரன் தட்டிப்போகும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இந்த ஒதுக்கல் பிள்ளைகளின் பிழைப்புக்கும் கேடு, நம்மூர் நோயாளிகளுக்கும் கேடு. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் பிழைப்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் சைக்கியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதி, தொடர்ந்து பார்த்துவரும் செவிலியர். இருமுனைக் கோளாறு உள்ள ஒருவருக்கு லித்தியம் கொடுக்கிறார் என்று வையுங்கள். மருந்து கொஞ்சம் குறைந்தால் பலனில்லை, கொஞ்சம் கூடினால் நஞ்சு. கை நடுங்குகிறதா, தாகம் கூடியிருக்கிறதா என்று கேட்டு, ரத்தத்தில் மருந்தின் அளவையும் சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லி, மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பது அவர் பொறுப்பு. டாக்டர்கள் போதாத காலத்தில், 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி. மனநலத்தில் அந்தப் போதாமை இன்றும் தீரவில்லை. அமெரிக்காவில் 12 கோடிக்கும் மேற்பட்டோர் மனநலப் பணியாளர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் வாழ்வதாக அரசே கணக்கிடுகிறது. எல்லாப் பிரிவு நர்ஸ் பிராக்டிஷனர்களையும் சேர்த்துப் பார்த்தால், 2024-இல் அவர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 1,29,210 டாலர். பதிவுபெற்ற செவிலியருக்கோ 93,600. 2034-க்குள் நர்ஸ் பிராக்டிஷனர் வேலைகள் சுமார் 40 சதவீதம் பெருகும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் மதிப்பீடு.

'அப்படியானால் ஏஜென்டிடம் பணம் கட்டிவிடலாமா?' என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். நம்மூர் எம்.எஸ்சி. மனநல நர்சிங் பட்டத்தை மட்டும் காட்டி இந்த வேலைக்குள் நுழைய முடியாது. முதலில் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேறிப் பதிவுபெற்ற செவிலியராக வேண்டும். பிறகு அங்கே அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பு, நூற்றுக்கணக்கான மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, அதற்குமேல் சான்றிதழ்த் தேர்வு. செவிலியர்கள் வழக்கமாகப் போகும் கிரீன் கார்டு வழியில் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதிகாரமும் எல்லா மாநிலத்திலும் ஒன்றல்ல. அரிசோனாவில் தனித்து மருத்துவம் பார்க்கலாம். டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். 'ரெண்டே வருஷத்தில் அமெரிக்கா' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது நீண்ட வழி. மனநலப் பணியில் மனம் ஒட்டியவர்தான் கடைசிவரை தாக்குப்பிடிப்பார்.

'படிக்க வைத்த ஊரைவிட்டு ஆளைக் கிளப்புகிறீர்களே' என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஊரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. சிகிச்சை எட்டாதவர்களின் பங்கு நோய்க்கு நோய் மாறினாலும், பெரும்பாலான மனநோய்களில் 70 சதவீதத்துக்கும் மேல் என்று அந்த ஆய்வு சொன்னது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் கருகியதற்குக் காரணம் அவர்கள் காலில் கிடந்த சங்கிலி. வீட்டுக்குப் பக்கத்திலேயே மாதாமாதம் மருந்து கொடுத்து, விசாரித்து, விட்டுப்போனவரைத் தேடிப்போகும் ஒருவர் இருந்தால், சங்கிலியை நம்பும் நிலைக்குக் குடும்பங்கள் வரமாட்டா. தேவை என்று பார்த்தால் அமெரிக்காவைவிட நமக்குத்தான் அதிகம். அங்கே செவிலியருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்தது, அதனால் தேவை வேலையாக மாறியது. இங்கே அது நடக்கவில்லை.

அந்த அதிகாரத்தை இங்கேயும் கேட்டால், நர்ஸ் கையில் மருந்துச் சீட்டு ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லக்கூடும். வரையறையில்லாமல் கொடுத்தால் ஆபத்துதான். ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பை ஏற்கெனவே வகுத்திருக்கிறது. உயிர் ஊசலாடும் ஐசியூவில் ஒரு செவிலியரை நம்பலாம் என்றால், மனநல மருத்துவர் தொடங்கிய மருந்தை வரையறைக்கு உட்பட்டுத் தொடர்வதற்கு ஏன் நம்பக்கூடாது? மாவட்ட மனநலத் திட்டத்தில் அப்படியொரு பணியிடத்தை உருவாக்கக் கேட்பது நம் உரிமை.

பெற்றோரே, மனநல வார்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளையை 'அங்கே எதற்கு' என்று தடுக்காதீர்கள். நர்சிங் கல்லூரிகளே, அந்தப் பயிற்சியை வருகைப்பதிவுக்கான சடங்காக்கிவிடாதீர்கள். தம்பி தங்கைகளே, அந்த வார்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கப் பழகுங்கள். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் திறமை உங்களுடையது. அது முதலில் பயன்படப்போவது நம் தெருவில், கதவு சாத்திய ஏதோ ஒரு வீட்டுக்கு.

அன்புடன்,
உங்களில் ஒருவர்