மன்னாரின் காற்றாலைகள் தடுப்பது மழையையா, வெள்ளத்தையா?

மன்னார் தீவில் வருடத்தை மாதக்கணக்கில் பேசுபவர்கள் குறைவு. சோளகம், வாடை என்றுதான் பேச்சு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் வீசும். மழை இராது. தென்கடல் கொந்தளிக்க, கடற்றொழிலாளர் வடகடலை நாடுவார்கள். ஐப்பசியில் காற்றுத் திரும்பினால் வாடை. தொழிலும் தென்கரைக்கு மாறும். வருடத்துக்கு 1000 மில்லிமீற்றரும் தேறாத மழையில் பெரும்பங்கு மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும்.

பேசாலைக்கு மேற்கே என் அம்மம்மாவின் வளவில் இப்போதெல்லாம் மாரி வெள்ளம் வாரக்கணக்கில் நிற்கிறது. காற்றாடிதான் காரணம் என்கிறார் அவர். மழை மேகத்தைக் கலைப்பதும் அதுதானாம், வெள்ளத்தை மறிப்பதும் அதுதானாம். மழையே இல்லையென்றால் வெள்ளம் எப்படி என்று கேட்டுச் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன்: இந்த இரண்டு முறைப்பாடுகளும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால், முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் தள்ளிவிடுவது எதிர்த்தரப்புக்கு மிகச் சுலபம்.

முதலாவது நிற்காது. தென்கரையிலுள்ள தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். விசிறிகளின் விட்டம் 126 மீற்றர். எங்கள் மாரி மழையோ வங்கக் கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில் வரும் தாழமுக்கங்களின் மழை. 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னாரைக் கடந்தபோது கோபுரங்கள் எழுந்து நின்றன. அதே மாதம்தான் காற்றாலை திறக்கப்பட்டது. 2025 நவம்பரில் டித்வா வந்தபோதும் நின்றன. மழை நிற்கவில்லை. விசிறிகள் மும்முரமாகச் சுழல்வது சோளகத்தில், அதாவது எப்படியும் மழை பெய்யாத மாதங்களில். சுழலும் விசிறியையும் வறண்ட வானத்தையும் சேர்த்தே பார்க்கும் கண் அப்படி நினைப்பதில் வியப்பில்லை.

இரண்டாவது வேறு கதை. தீவு மணல், தட்டையான நிலம். பெய்யும் நீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. எங்கள் கிணறுகள் அதை நம்பியே இருக்கின்றன. மிஞ்சியது பள்ளங்கள் வழியே கடலுக்குப் போகவேண்டும். அதற்குக் குறுக்கே கிரவல் கொட்டி உயர்த்திய பாதை ஒன்று வந்தால், அரை அடி உயரமே போதும். பெருநிலப்பரப்பின் கிராமங்களை மூழ்கடிப்பது அநுராதபுரப் பக்கமிருந்து பெருகிவரும் அருவியாறு. தீவுக்குள் நிற்பது தீவிலேயே பெய்து, வடிய வழியற்றுப்போன தண்ணீர். இரண்டையும் ஒரே அனர்த்தமாக எழுதும் பத்திரிகைப் பழக்கம் எனக்கும் இருந்தது.

பழியெல்லாம் காற்றாலைக்கும் இல்லை. 1990இல் தீவின் தமிழர்கள் பலர் படகேறித் தமிழக முகாம்களுக்குப் போனார்கள். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கிடந்தார்கள். எந்தப் பள்ளம் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தவர்கள் இல்லாத அந்த வருடங்களில் வாய்க்கால்கள் பற்றை மூடிப் போயின. திரும்பி வந்தவர்களுக்குப் பள்ளக் காணிகளிலும் வீடு எழும்பியது. நாங்களே மதில் கட்டி மறித்த இடங்களும் உண்டு.

ஆனாலும் புதிய கோபுரங்களுக்கு இது சாட்டாகாது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து விலகியது. வேறு திட்டங்கள் தொடர, ஓகஸ்டில் மக்கள் வீதியில் அமர்ந்தார்கள். செப்டெம்பர் 26 இரவு, கோபுரப் பாகங்களை ஏற்றிய வாகனங்களுக்காகப் பொலிஸார் அவர்களைக் கலைத்தார்கள். கனியமணல் அகழ்வும் அதே போராட்டத்தின் கோரிக்கைதான்; மணலை அள்ளினால் நிலமட்டம் மாறும், தண்ணீரின் போக்கும் மாறும்.

கேட்கவேண்டியதைத் துல்லியமாகக் கேட்கலாம். தீவு முழுவதற்கும் நிலமட்ட அளவை ஒன்று, அதுவும் வாடைக்காலத்தில். சோளகத்தில் வந்து அளப்பவருக்குக் காய்ந்த மணல்தான் தெரியும். இருக்கிற பாதைகளுக்குக் கீழே போதிய மதகுகள். அளவையின் வரைபடம் தமிழில், கிராம அலுவலர் அலுவலகச் சுவரில்.

அம்மம்மா இந்தமுறை கிணற்றுக்கட்டில் கரித்துண்டால் வெள்ளக்கோடு போட்டு, வடிந்த நாளைக் கலண்டரில் குறித்திருக்கிறார். அயல் வீட்டுக்காரரிடமும் அப்படிச் செய்யும்படி கேட்டிருக்கிறேன். இருவர் சம்மதித்தார்கள். மூன்றாமவர், முதலில் உன் மாமாவின் மதிலை உடை என்றார்.